விட்டால் அடியில்லை

வேதமாணிக்கம் வாத்தியாரிடம் ஒரு சட்டம் இருந்தது. பரீட்சையில் தப்பாக எழுதினால் ஒரு தப்புக்கு ஓர் அடி. எழுதாமல் விட்டுவிட்டால் அடி கிடையாது.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுதவன் களவாணிப்பய. தெரியாதுன்னு விடுதவன் யோக்கியன்" என்பார்.

ஊரில் எல்லோருக்கும் இந்தச் சட்டம் பிடித்திருந்தது. நிலம் அளக்க வந்தவன், கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க வந்தவன், மாட்டுக்கு மருந்து கொடுக்க வந்தவன் என்று, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர்களிடம் ஏமாந்து ஏமாந்து காய்ந்துபோன ஊர் அது. புதூருக்குக் கிழக்கே கரிசல் காடு. மழை பெய்தால் சோளமும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் ஆட்டைப் பத்திக்கொண்டு கால் போன திசைக்குப் போக வேண்டியதுதான். அங்கே மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அதே கட்டடத்தில் ஜெபம். மற்ற நாளில் பாடம். புளியங்கம்பு இரண்டுக்கும் பொதுவாக உத்தரத்தில் செருகியிருக்கும்.

நயா பைசா வந்த வருஷம் அது. அதுவரை ஐந்தாவது முடித்த பிள்ளையைக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் மிஷன் ஹைஸ்கூலில் ஆறாவதில் தள்ளிவிட்டு வந்துவிடலாம். அந்த ஹைஸ்கூலுக்குத் தலைமையாகப் புதிதாக வந்த பெரிய டீச்சரம்மா அதை மாற்றினார். இனிமேல் நுழைவுப் பரீட்சை. தமிழ், கணக்கு, இங்கிலீஷ் மூன்றும் எழுதித் தேறினால்தான் இடம், தேறினால் விடுதியில் சோறு. முதல் வருஷம் வேதமாணிக்கம் வாத்தியார் கூட்டிக்கொண்டு போன அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். மிஷனில் மேலே இருந்த பாதிரியார் வாத்தியாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த வருஷமும் ஒருத்தரும் தேறவில்லை என்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அவரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்களாம்.

வாத்தியாருக்குப் பயம் பிடித்தது. பயந்த மனுஷன் கையில் கம்பு இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சனிக்கிழமைதோறும் மாதிரிப் பரீட்சை வைத்தார்.

பரீட்சைக்குப் பொறுக்கியெடுத்த ஐந்து பிள்ளைகளில் ராதாமணி ஒருத்தி. ஆடு மேய்க்கிற வன்னியபெருமாளின் இளைய மகள். புத்தியில் அவள்தான் முதல் என்று வாத்தியாருக்கும் தெரியும், மற்ற நாலு பேருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்புதான்.

முதல் மாதிரிப் பரீட்சையில் எல்லாவற்றையும் எழுதினாள். சட்டத்தின் உறைப்பு அப்போது அவளுக்குத் தெரியாது. உலகத்திலேயே பெரிய சமுத்திரம் எது என்று, வாத்தியார் தன் பங்குக்குச் சேர்த்த பொது அறிவுக் கேள்வி ஒன்று. தூத்துக்குடிச் சமுத்திரம் என்று எழுதியிருந்தாள். அவள் கேள்விப்பட்ட ஒரே சமுத்திரம் அதுதான்.

"ஏட்டி, தூத்துக்குடிக்காரன் வந்து உன்கிட்டச் சொன்னானா?" என்று கேட்டுக்கொண்டே வாத்தியார் கம்பை உருவினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கையை நீட்டினாள். கம்பு மேலே போனதைப் பார்த்தாள், இறங்கியதைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பாவாடை நனைந்து, காலடியில் ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. வீட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்குள் இறங்கிப் பாவாடையில் மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டாள். விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கணக்கு. மூன்றணாவுக்கு எத்தனை நயா பைசா என்பது கேள்வி. பத்தொன்பது என்று ராதாமணி எழுதினாள். அவள் அம்மா சொர்ணத்தாய் டீக்கடைக்கு ஆட்டுப்பால் ஊற்றுகிறவள். பதினாறணா ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றால் ஓரணா ஆறேகால் வரும்; கடைக்காரர் மூன்றணாவுக்குப் பத்தொன்பதுதான் கொடுத்தார். வாத்தியாரோ ஓரணாவுக்கு ஆறு, மூவாறு பதினெட்டு என்று வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு அடி விழுந்தது.

வீட்டில் வந்து அப்பனிடம் கேட்டாள். "அய்யா, மூணணாவுக்கு எத்தனை?"

"பத்தொம்பதுதாம்ட்டி. கடையில அச்சடிச்ச அட்டையே தொங்குது."

"சார் பதினெட்டுங்காரு. அடிச்சிட்டாரு."

வன்னியபெருமாள் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பத்தொம்பதுதான். ஆனா கம்பு அவரு கையிலல்லா இருக்கு" என்றார்.

வாத்தியார் பிறகு கோவில்பட்டிக்குப் போனபோது அந்த மாதிரி அட்டையைப் பார்த்திருக்கிறார். வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை மறுபடி அவர் கேட்கவே இல்லை.

ராதாமணி அன்றைக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டாள். தப்பாக எழுதினால் அடி, சரியாக எழுதினாலும் அடி விழலாம். எழுதாமல் விட்டால்தான் அடியே இல்லை.

அதற்குப் பிறகு விட ஆரம்பித்தாள். முதலில் தெரியாததை விட்டாள். பிறகு பாதி தெரிந்ததை விட்டாள். எட்டெட்டு அறுபத்து நாலு என்று உதடு சொல்லும். பேனாவை மையில் முக்கியதும், அறுபத்து மூன்றாக இருந்துவிட்டால் என்று தோன்றும். விட்டுவிடுவாள். வாத்தியாரும் சும்மா இருக்கவில்லை. "பாருங்கலே, இதுதான் யோக்கியமான பிள்ளை. தெரியலன்னா கம்முனு விட்டிருக்கு" என்று அவள் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம் அவள் தைரியமாகவே விட்டாள்.

யோவான் என்று ஒரு பையன். அவன் நேர் எதிர். வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதுவான். சனிக்கிழமை தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்வான். உள்ளங்கையில் தலைமயிர் ஒன்றை வைத்துக்கொண்டால் கம்பு இரண்டாகப் பிளந்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மயிரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நீட்டுவான். கம்பு ஒருநாளும் பிளக்கவில்லை. "இது எங்கக்கா முடி, அதான் கேக்கல. அடுத்த வாரம் குதிரை முடி கொண்டாரேன்" என்பான்.

வெயில் ஏற ஏற ராதாமணியின் மார்க்கு இறங்கிக்கொண்டே வந்தது. வாத்தியார் பயந்துபோய் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மறதி வந்துட்டு. ஆட்டுப்பால் கொடுக்காதிய. மந்தம்."

"நான் பொறந்ததுல இருந்து ஆட்டுப்பால்தான் குடிக்கேன். முன்னூறு ஆட்டுல ஒண்ணு காணலைன்னாலும் எனக்குத் தெரியும். எனக்கு என்ன மந்தம்?"

"அது ஆடு. இது இங்கிலீஷு."

"ஒரு தடவைதான் வாத்தியாரய்யா" என்றார் வன்னியபெருமாள். "பரீட்சையில போச்சுன்னா தீப்பெட்டி ஆபீஸ்தான். ஏஜெண்டுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. சும்மா வீட்டுல வச்சுச் சோறு போட நம்மளால ஆகாது."

சுவருக்கு அந்தப்பக்கம் ராதாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் அக்கா சத்தியபாமா இரண்டு வருஷமாக அங்கே தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மருந்து முக்கின குச்சிக் கட்டை ஒன்று எப்படியோ உரசிப் பற்றியதில் அவளுக்கு இரண்டு புருவமும் போய்விட்டது. முடி முளைக்கவே இல்லை. புருவம் இல்லாத முகத்தோடு அக்கா தூங்கும்போது ராதாமணி அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இந்தப்பக்கம் கம்பு, அந்தப்பக்கம் தீ. இரண்டும் அவளுக்குத் தெரியும். ஆனால் கம்பு சனிக்கிழமை வரும், தீ என்றைக்கோ வரும். பிள்ளைப் புத்தி பக்கத்தில் இருப்பதற்குத்தான் பயப்படும். பெரியவர்கள் புத்தியும் அப்படித்தான்.

பரீட்சை நாள் வந்தது. எட்டயபுரம் ரோடு வரை நடந்து, அங்கே பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கினார்கள். ஐந்து பிள்ளைகள், வாத்தியார், கூட வன்னியபெருமாள். மற்ற பிள்ளைகளின் தகப்பன்மார் வாத்தியாரை நம்பி அனுப்பிவிட்டார்கள். வன்னியபெருமாளுக்கு அப்படி யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

பள்ளிக்கூடம் பெரிதாக இருந்தது. நீளமான கூடத்தில் மேசைகள் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. மெலிந்த டீச்சரம்மா ஒருவர் தாள் கொடுத்தார். ராதாமணி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கம்பைத் தேடினாள். உத்தரத்தில் இல்லை. டீச்சரம்மா மேசைமேல் இல்லை. கரும்பலகைக்குப் பின்னாலும் இல்லை. மூலையில் பெரிய பீரோ ஒன்று பூட்டிக் கிடந்தது. இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பெரிய கம்பு வைத்திருப்பார்கள், அதைப் பூட்டி வேறு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோதே கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். ஊரிலாவது கம்பு கண்ணுக்குத் தெரியும்.

தட்டி மறைத்த அடுத்த அறையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். எழுதி முடித்த தாள்களை அங்கே உடனுக்குடன் திருத்துவார்களாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது ராதாமணி காதில் விழுந்தது.

தமிழ்த் தாளில் மூன்று கேள்விக்கு எழுதினாள். மீதி அத்தனையையும் விட்டுவிட்டாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தபோது யோவான் மிதப்பாக வந்தான். "நான் ஒண்ணு விடல. எல்லாத்தையும் எழுதிப்போட்டேன்."

"அடிக்க மாட்டாவளா?" என்றாள் ராதாமணி.

"யாரை அடிப்பாவ? தாளுல பேரே கிடையாது, நம்பர்தானே. யாரு எழுதுனதுன்னு அவியளுக்குத் தெரியவா போகுது?"

ராதாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே கூமுட்டை. நம்பர் போட்டாத்தாம்லே மாட்டிக்கிடுவோம். எங்க ஆட்டுக்கெல்லாம் காதுல வெட்டு இருக்கு. எந்தச் சந்தையில, எவன் மந்தையில நின்னாலும் எங்கய்யா காதைப் பார்த்துப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருவாரு. பேரு வேற யாருக்கும் இருக்கும். நம்பர் உனக்கு மட்டும்தான்."

யோவானுக்கு அப்போதுதான் முகம் செத்தது. தலையில் கைவைத்து ஒரு மயிரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாத்தியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன எழுதினாய் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ராதாமணி முறை வந்தது.

"மூணு எழுதினேன் சார். மிச்சத்தை விட்டுட்டேன்" என்றாள். ஒரு பாராட்டு வரும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"என்னத்தையெல்லாம் விட்ட?"

"இளமைப் பெயர் சார். ஆட்டுக்கு, பசுவுக்கு, சிங்கத்துக்கு."

வாத்தியார் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. "ஆட்டுக்கு இளமைப் பெயர் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். குட்டி."

பக்கத்தில் வன்னியபெருமாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். தாய் ஆடு திணறும்போது கைவிட்டுக் குட்டியை இழுத்துப் போட்டவள் இவள். இரண்டு குட்டியை மடியில் கட்டிக்கொண்டு மழையில் வீடு வந்தவள்.

"பின்னே ஏன்ட்டி எழுதல?"

"தப்பா இருந்துட்டா?" என்றாள் ராதாமணி.

வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை சனிக்கிழமை இவள் தாளைத் தூக்கிக் காட்டியிருப்பார் என்று அவருக்கே மனசில் ஓடியிருக்க வேண்டும். பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு வார்த்தை இதமாகச் சொல்லியிருக்கலாம். பயந்தவனுக்கு அது வராது. எழுந்து நின்று கத்தினார்.

"இனி வர்ற தாள்ல ஒரு கேள்வி விட்டன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிருவேன்! விட்டா அடி! கேட்டுதா? விட்டா அடி!"

மணி அடித்தது. ராதாமணி சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போனாள். தப்பாக எழுதினால் உள்ளே அடி. விட்டால் வெளியே அடி. ஒதுங்குவதற்கு ஒரு இடம் இருந்தது, அதையும் சார் பிடுங்கிக்கொண்டார்.

கணக்குத் தாள் வந்தது. முதல் கணக்கைப் பார்த்தாள். தெரிந்ததுதான். எப்படியும் அடி உண்டு. உள்ளே இந்தம்மாவிடம் வாங்கினால் அய்யா பார்க்கமாட்டார், வெளியே வாத்தியாரிடம் வாங்கினால் அய்யா கண் முன்னாலேயே விழும். அவ்வளவுதான் அவள் கணக்கு. எழுத ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டிக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு தடவை நாற்காலி கிறீச்சிட்டபோதும் திரும்பிப் பார்த்தபடி, ஒன்று விடாமல் எழுதினாள். பிறகு இங்கிலீஷ். அதில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததையும் எழுதினாள். எழுதும்போதே கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தாளில் விழாமல் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

தாளைக் கொடுக்க எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. மேசைக்கு முன்னால் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா வேணும்? தண்ணியா?" என்றார் டீச்சரம்மா.

ராதாமணி கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

டீச்சரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பழைய புளியங்கம்புத் தழும்பு ஒன்றிரண்டு இன்னும் மறையாமல் இருந்தது. நம்பரைக் கேட்டார். தட்டிக்குப் பின்னால் போய் அவள் தாள்களைத் திருத்தி வாங்கிக்கொண்டு வந்து, "என்கூட வா" என்றார்.

பெரிய டீச்சரம்மா அறையில் மூன்று தாளும் மேசைமேல் இருந்தன. வாசலில் வாத்தியாரும் வன்னியபெருமாளும் வந்து நின்றுகொண்டார்கள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"கணக்கு முழுசும் சரி. இங்கிலீஷ் பாதி. தமிழ்ல மூணே மூணு எழுதியிருக்கே. இந்த மார்க்குக்கு இடம் கிடையாது" என்றார் பெரிய டீச்சரம்மா. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தமிழ்ல எழுதின மூணுல தப்பே இல்லை. மீதி தெரியாதா, எழுத நேரம் இல்லையா? வாயால கேட்கிறேன். சொன்னா மார்க்குப் போடுகிறேன். பசுவுக்கு இளமைப் பெயர் என்ன?"

ராதாமணி மேசையைச் சுற்றிலும் பார்த்தாள்.

"தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லு."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம்தான் கூடியது. பரவாயில்லை என்று இவ்வளவு தன்மையாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. விற்ற ஆட்டைப் பிடித்துக் கட்டுவதற்கு முன்னால் அய்யா இலைக் குழையை நீட்டி இப்படித்தான் கூப்பிடுவார். வாசலில் வன்னியபெருமாள் தொண்டையைச் செருமினார். தீப்பெட்டி ஏஜெண்டுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டது அதுதான்.

"கம்பு எங்க இருக்கு?" என்றாள்.

"எந்தக் கம்பு?"

"அடிக்கிற கம்பு. அதை எடுத்து மேல வையுங்க. சொல்லுதேன்."

வாத்தியார் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். இழுப்பறையைத் திறந்து கோடு போடுகிற உருட்டுத்தடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இங்கே இருக்கிறது இதுதான்."

ராதாமணி அதை நன்றாகப் பார்த்தாள். ஒரு முழம்கூட இல்லை. வழவழப்பாக இருந்தது. கணு இல்லை. உள்ளங்கையை விரித்து அதற்கு நேராக நீட்டிக்கொண்டாள்.

"பசுவுக்குக் கன்று" என்றாள்.

"ஆட்டுக்கு?"

"குட்டி."

"கீரிக்கு?"

"பிள்ளை."

"சிங்கத்துக்கு?"

"குட்டி."

"குருளை" என்றார் பெரிய டீச்சரம்மா.

ராதாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோள் காதுவரை ஏறியது. வாசலில் வன்னியபெருமாள் ஒரு கால் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

"மாரி என்றால் என்ன?" அடுத்த கேள்வி வந்தது.

கண்ணைத் திறந்தாள். தடி இருந்த இடத்திலேயே இருந்தது. "மழை" என்றாள். கேள்வி வந்துகொண்டே இருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். இடையில் இன்னும் ஒன்றோ இரண்டோ தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் கண்ணை மூடித் திறந்தாள். நீட்டிய கை வலித்தது. இடது கையால் தாங்கிக்கொண்டாளே ஒழியக் கீழே போடவில்லை.

பெரிய டீச்சரம்மா தமிழ்த் தாளை எடுத்துப் பழைய மார்க்கை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். வாசலைப் பார்த்து, "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்குக் கொண்டுவந்து விடுங்க. தட்டும் போர்வையும் கொடுத்து விடணும்" என்றார். வாத்தியாரிடம், "நீங்க இருங்க. உங்ககிட்டப் பேசணும்" என்றார். வேதமாணிக்கம் வாத்தியார் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகள் நிற்பதைப்போல நின்றார்.

வன்னியபெருமாள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். தட்டும் போர்வையும் என்றால் இடம் கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று எதிரே வந்த ஆயாவிடம் ஒரு தடவை, கேட்டில் நின்ற காவல்காரனிடம் ஒரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். ரோட்டுக்கு வந்த பிறகுதான் மகளைப் பார்த்தார். வலது கை இன்னும் விரித்தபடியே இருந்தது.

"ஏட்டி, உள்ள அடிச்சாவளா?" என்று கேட்டார்.

ராதாமணி பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் இல்லய்யா" என்றாள்.